எண்ணெய் அறை இளவரசி

நவம்பர் 9

உங்களுக்கு,

நேற்றும் போன் அடித்தீர்கள், இன்று காலையிலும் அடித்தீர்கள். நான் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். அது அடித்து ஓயும்வரை பார்த்துக்கொண்டே இருந்தேன். இனி போனில் பேசுவதாக இல்லை. போனிலும் நீங்கள் மைக் பிடித்த கைடாகவே பேசுவீர்கள், நானும் பஸ்ஸில் உட்கார்ந்த பயணி மாதிரி தலையாட்டிவிடுவேன். சொல்ல வேண்டியதை எழுதுங்கள். எந்த ஊரில் இருந்தாலும் வாரம் ஒருமுறை அந்த விடுதிக்குத் திரும்பி வருவீர்களே, இதை அங்கே அனுப்புகிறேன்.

எதிர் வீட்டு அக்காவும் அவர் வீட்டுக்காரரும் ராஜ நகரங்கள் சுற்றுலா போய்விட்டு வந்தார்கள். உங்கள் கம்பெனி இல்லை, மஞ்சள் தொப்பிக் கம்பெனி. "உங்க வீட்டுக்காரர் பஸ்ல இடம் கிடைக்கலம்மா, கோவிச்சுக்காதீங்க" என்று சொல்லிக்கொண்டேதான் உள்ளே வந்தார். அவர் இந்தத் தெருவுக்குக் குடிவந்து ஒரு வருஷம்தான் ஆகிறது. நமக்குப் பிள்ளை இல்லை என்றே நினைத்துக்கொண்டிருக்கிறார். நானும் திருத்தியதில்லை. அதனால் அவர்மேல் எனக்கு வருத்தம் கிடையாது.

எனக்கு ஒரு பரிசு வாங்கி வந்திருந்தார். சாவிக்கொத்து. அதில் கட்டைவிரல் அளவுக்கு ஒரு ஜோடித் தோல் ஷூ தொங்குகிறது. வலது இருக்க வேண்டிய இடத்தில் இடது, இடது இருக்க வேண்டிய இடத்தில் வலது. "தப்பா தச்சிட்டாங்களே" என்றேன். "தப்பில்லம்மா, அது இளவரசி ஷூ! அந்தப் பாப்பா ஷூவை எப்பவும் மாத்தித்தான் போடுமாம்" என்றார். மூன்றாவது நகரத்து அரண்மனையில், பின்வாசலுக்குப் போகும் வழியில், தாழ்வான ஜன்னல் உள்ள ஒரு சின்ன அறையாமே. மத்தியானம் தூங்கச் சொன்னால் "முதல்ல வெயிலை அணைங்க" என்று தாதிகளிடம் சொல்லுமாமே அந்தப் பாப்பா. சாப்பிட்டு முடித்ததும் எல்லாரையும் வரிசையாகத் தட்டைக் காட்டச் சொல்லுமாமே.

நான் எழுந்து போய் அடுப்பை அணைத்தேன். அடுப்பில் ஒன்றும் இல்லை.

அவள் எந்த அரண்மனையில் பிறந்தாள் என்று எனக்குத் தெரியும். நம் மாடியறை, ஒற்றைப் படுக்கை, கதவு சரியாகச் சாத்தாது. அவளை எப்போது அந்த அரண்மனைக்குத் தூக்கிக்கொண்டு போனீர்கள்? யாரைக் கேட்டுக்கொண்டு போனீர்கள்?

அந்தக் கதையின் கடைசிப் பகுதியையும் அக்கா சொன்னார். அதை நான் எழுதப்போவதில்லை. நீங்களே எழுதுங்கள். உங்கள் கதைதானே.

வீட்டிலிருந்து,
நான்


நவம்பர் 17

அன்புள்ள உனக்கு,

விடுதிக்காரர் அறைச்சாவியோடு சேர்த்து உன் கடிதத்தைக் கொடுத்தார். உன் கையெழுத்தைப் பார்த்ததும் முதலில் சந்தோஷம்தான் வந்தது. படித்து முடித்தபோது பயணிகள் சாப்பிட்டு எழுந்துவிட்டார்கள், நான் மட்டும் தட்டைத் தொடாமல் உட்கார்ந்திருந்தேன். என்னிடம் யாரும் தட்டைக் காட்டச் சொல்லவில்லை.

எப்படி ஆரம்பித்தது என்று சொல்கிறேன். சுற்றி வளைக்காமல் சொல்ல முயல்கிறேன். தொழில் புத்தி, கொஞ்சம் வளையும்.

மூன்றாவது நகரத்து அரண்மனையை நாங்கள் "சாப்பாட்டு அரண்மனை" என்போம். மத்தியானச் சாப்பாடு முடிந்த கையோடு போவது. முதல் இரண்டு நகரத்திலும் தர்பார் மண்டபம், கண்ணாடி அறை, யானை கட்டிய முற்றம் எல்லாம் பார்த்துக் களைத்துப்போயிருப்பார்கள். இனி எந்த ராஜா எந்த ராஜாவைத் தோற்கடித்தான் என்று யாருக்கும் கவலை இல்லை, உட்கார இடம் இருக்கிறதா என்பதுதான் கவலை. கால் வலிக்கிறவர்களிடம் வருஷத்தைச் சொல்லாதே, ஆளைச் சொல் என்று எனக்கு முதலில் தொழில் கற்றுக்கொடுத்தவர் சொல்வார்.

நீ சொல்லும் அறை உண்மையில் விளக்கெண்ணெய் வைக்கும் அறை. குடங்களை உயரத் தூக்காமல் வெளியே எடுத்துக்கொடுக்கத்தான் ஜன்னலைத் தாழ வைத்திருக்கிறார்கள். பல வருஷம் நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். போன சீசனில் ஒரு நாள், என் பச்சைக் குடையைத் தூக்கிப் பிடித்தபடி அந்த வழியாகப் போனபோது, கூட்டத்தில் ஒரு சின்னப் பெண் அந்த ஜன்னலில் தாடையை வைத்து நின்றாள். சரியாக அவள் உயரம். "இது யாரோட ரூம்?" என்று கேட்டாள்.

வாய் திறந்துவிட்டது. "ஒரு குட்டி இளவரசியோட ரூம்" என்றேன்.

அப்புறம் நிறுத்த முடியவில்லை. ஷூவைச் சொன்னேன், வெயிலைச் சொன்னேன். சிரித்தார்கள். ஒரு பெரியவர் கைக்குட்டையை எடுத்தார். நம் மகள் போனபிறகு ஐந்து வருஷத்தில் அன்றைக்குத்தான் அவளைப் பற்றி ஒரு மனிதர்முன் வாய்விட்டுப் பேசினேன். கோபப்படாமல் இதைக் கேள். வீட்டில் நான் அவள் பேச்சை எடுத்தால் நீ எழுந்து போய்க் குழாயைத் திறந்துவிடுவாய். பாத்திரம் இருக்கிறதோ இல்லையோ, தண்ணீர் ஓடும். நான் பேச்சை நிறுத்தியதும் குழாயும் நிற்கும். நான் குற்றம் சொல்லவில்லை. எனக்கும் ஒரு இடம் வேண்டியிருந்தது என்று மட்டும் சொல்கிறேன்.

கடைசிப் பகுதியைக் கேட்டாய். என் கதையில் கடைசிப் பகுதியே கிடையாது. அப்பா ராஜா ஊர் ஊராகப் போகிறவர், அவர் வருகிற வழியைப் பார்த்துக்கொண்டு இளவரசி அந்த ஜன்னலில் நிற்பாள். அவ்வளவுதான். "வாங்க, தலை இடிக்காம பாத்து" என்று அடுத்த மண்டபத்துக்குப் போய்விடுவேன். அவள் செத்தாள் என்று நான் ஒருநாளும் சொன்னதில்லை. என் கூட்டத்தில் யாரைக் கேட்டாலும் கடுகு இன்னும் அந்த ஜன்னலில்தான் நிற்கிறாள்.

எழுதிவிட்டேன். பெயரை அடிக்க மனம் வரவில்லை. குட்டியாக இருந்துகொண்டு நம் இரண்டு பேரையும் ஆட்டிவைத்தாளே, கடுகு சிறுத்தாலும் காரம் போகாது என்று நீதான் அந்தப் பெயரை வைத்தாய்.

உன் வீட்டுக்காரன்


நவம்பர் 24

உங்களுக்கு,

அந்தப் பெயரை எழுதாதீர்கள் என்று நான் சொல்லாமலே உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

உங்கள் கதைக்கு முடிவு இல்லையாம். அழகாக இருக்கிறது. எதிர் வீட்டு அக்கா கேட்ட கதைக்கு முடிவு இருக்கிறது. எழுத மாட்டேன் என்றேன், எழுதுகிறேன்.

இளவரசிக்குக் காய்ச்சல் வந்ததாம். ராஜா யுத்தத்துக்குப் போயிருந்தாராம். (யுத்தம்! குடையும் மைக்குமாகப் போனது யுத்தமா?) வைத்தியர், குழந்தையை விட்டுக் கண்ணை எடுக்காதே என்று ராணியிடம் சொல்லிவிட்டுப் போனாராம். ராணி சுகவாசி. மெத்தையில் சாய்ந்தவள் தூங்கிவிட்டாளாம். தூங்கி எழுந்தபோது குழந்தை இல்லையாம். அதனால்தான் அந்த அரண்மனையில் ராணிக்கு ஒரு சிலைகூட வைக்கவில்லையாம். கூட்டமே "உச்" கொட்டியதாம். அக்கா என் சமையலறையில் நின்றுகொண்டு சொன்னார்: "பெத்தவளாம்மா அவ? ஒரு ராத்திரி முழிச்சிருக்க முடியாதா?"

நான் அவருக்கு டீ போட்டுக் கொடுத்தேன். சர்க்கரை போதுமா என்று கேட்டேன். அவர் போன பிறகு அந்தக் கப்பைத் திரும்பத் திரும்பக் கழுவினேன்.

நான் தூங்கினேன் என்பது இந்த உலகத்தில் இரண்டு பேருக்குத் தெரியும். ஒருத்தி நான். உங்களிடம் சொன்னேன், நீங்கள் ஊரிலிருந்து வந்து இறங்கிய அன்று, வாசற்படியில் வைத்துச் சொன்னேன். நீங்கள் என் தலையைத் தடவினீர்கள். ஒரு வார்த்தை கேட்கவில்லை. இத்தனை வருஷமும் அதை உங்கள் பெருந்தன்மை என்று நினைத்திருந்தேன். கேட்க வேண்டியதையெல்லாம் ஊரான் பிள்ளைகளுக்கு ஒலிபெருக்கியில் சொல்லிக்கொண்டிருக்கிறீர்கள் என்று தெரியாமல் போயிற்று.

நீங்கள் சொல்லவில்லை என்றால் யார் சொன்னது? எனக்கு இது ஒன்றுக்குத்தான் பதில் வேண்டும். நான்தான் அவளைக் கொன்றேன் என்று நீங்கள் நினைக்கிறீர்களா?


டிசம்பர் 6

அன்புள்ள உனக்கு,

இல்லை. இல்லை. இல்லை. இதை முதலில் எழுதிவிட்டுத்தான் மற்றது.

உன் கடிதத்தைப் படித்த மறுநாள் என் கூட்டத்தைச் சந்தைத் தெருவில் விட்டுவிட்டு, மஞ்சள் தொப்பி ஒன்று வாங்கிப் போட்டுக்கொண்டு அவர்கள் கூட்டத்தின் பின்னால் நின்றேன். அந்தக் கைடு என்னைவிட இளையவன், குரல் நன்றாக இருக்கும். நீ எழுதியது போலவே சொன்னான், ஒரு எழுத்துக்கூட விடாமல். "உச்" சத்தம் கேட்டது. தொப்பியைக் கழற்றிக் கையில் சுருட்டிக்கொண்டேன்.

வெளியே வந்ததும் அவன் சட்டையைப் பிடித்தேன். அவனுக்கு ஒன்றும் புரியவில்லை. "உங்க கதைக்கு முடிவே இல்லண்ணே. ஜனங்க அப்புறம் என்னாச்சுன்னு பிடுங்கி எடுக்கறாங்க. எங்க டிரைவர் ஒரு முடிவு சொன்னாரு, வச்சுக்கிட்டேன்" என்றான். அவர்கள் டிரைவர் யாரிடம் கேட்டார்? எங்கள் டிரைவர் அண்ணனிடம். எங்கள் டிரைவர் அண்ணன்?

என்னிடம்.

போன சீசனில் ஒரு மத்தியானம், இரண்டாவது நகரத்திலிருந்து மூன்றாவதுக்குப் போகும் நீண்ட சாலை. பின்னால் எல்லாரும் தூங்குகிறார்கள். மைக்கை அணைத்துவிட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். "இளவரசி கதை நிஜமாய்யா?" என்று கேட்டார். சொன்னேன். அவளைப் பற்றி, உன்னைப் பற்றி, நான் ஊரில் இல்லாததைப் பற்றி. நான் சொன்னது இதுதான், சத்தியம்: "மூணு ராத்திரி பொட்டுக் கண் மூடாம உக்காந்திருந்தா அண்ணே. நாலாவது நாள் விடியறப்போ ஒரு நிமிஷம் கண் அசந்துட்டா. அந்த நிமிஷத்தில பாப்பா போயிட்டா." சொல்லும்போது அழுதேன். அவரும் கண்ணைத் துடைத்துக்கொண்டே ஓட்டினார்.

அவர் பஸ் நிறுத்துமிடத்தில் மற்ற டிரைவர்களிடம், பாவம் நம்ம ஆளு என்றுதான் சொல்லியிருக்கிறார். அங்கிருந்து அது வாய்மாறி வாய்மாறிப் போயிருக்கிறது. வழியில் மூன்று ராத்திரி விழித்திருந்ததை உதிர்த்துவிட்டார்கள். தூங்கிய ஒரு நிமிஷத்தை மட்டும் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்த்துவிட்டார்கள். நான் இல்லாததை யுத்தம் ஆக்கி எனக்கு மரியாதை செய்துவிட்டார்கள்.

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். நான் என் வாயால் கெட்டிருந்தால் பரவாயில்லை, உன்னைக் கெடுத்துவிட்டேன்.

அன்று வாசற்படியில் நான் ஏன் ஒன்றும் கேட்கவில்லை தெரியுமா? நான் ஒரு கேள்வி கேட்டால் நீ பதிலுக்கு ஒன்று கேட்பாயே என்ற பயம். நீங்கள் எங்கே போனீர்கள் என்று கேட்டிருந்தால் என்னிடம் என்ன இருக்கிறது? காய்ச்சல் என்று நீ போன் செய்தபோது, சாதாரணக் காய்ச்சலாக இருக்கும், இந்தக் கூட்டத்தை முடித்துவிட்டு வருகிறேன் என்றேன். நான் கேட்காததைப் பெருந்தன்மை என்று நினைத்தாயே, அந்த வரியைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

என்ன செய்ய வேண்டும் என்று சொல். செய்கிறேன்.

உன் வீட்டுக்காரன்


டிசம்பர் 13

உங்களுக்கு,

பதில் கிடைத்தது. நம்புகிறேன். நம்பினால் வலி குறையும் என்று நினைத்தேன், குறையவில்லை.

நேற்று நான் வேலை பார்க்கும் மூக்குக்கண்ணாடிக் கடைக்கு ஒரு அம்மாள் வந்தார். எழுத்துப் பலகைக்கு எதிரே உட்காரவைத்து, சோதனைக் கண்ணாடியை மாட்டி, ஒவ்வொரு வில்லையாகப் போட்டு, "இது தெளிவா இருக்கா, அது தெளிவா இருக்கா" என்று கேட்டுக்கொண்டிருந்தேன். அவர் கைப்பையை மேசைமேல் வைத்தார். அதில் அந்த ஷூ தொங்குகிறது. வில்லையை மாற்றிப் போட்டுவிட்டேன். "ஐயோ, ஒண்ணுமே தெரியலையே" என்று அவர் பயந்துபோனார். முதலாளி உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தார். இத்தனை வருஷத்தில் நான் தவறியது இதுதான் முதல் தடவை.

உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியாது. தெரிகிறது. ஆனாலும் நீங்கள் கேட்டதால் சொல்கிறேன். அதை நிறுத்துங்கள். உங்கள் கதை, அவன் கதை, எல்லாவற்றையும். அந்த அறை எண்ணெய் அறை என்றால் எண்ணெய் அறையாகவே இருக்கட்டும். எங்கேயோ ஒரு ராணி சிலை இல்லாமல் நிற்கிறாள், ஒவ்வொரு நாளும் பஸ் பஸ்ஸாக ஆள் வந்து அவளை "உச்" கொட்டுகிறார்கள். நான் இங்கே சோறு தின்றுகொண்டிருக்கிறேன். இப்படி என்னால் இருக்க முடியாது.


ஜனவரி 10

அன்புள்ள உனக்கு,

நிறுத்தியாயிற்று.

அரண்மனை அலுவலகத்துக்குப் போனேன். அங்கே இருக்கும் அதிகாரி பழைய ஓடுகளையும் தூண்களையும் தவிர வேறெதையும் நேசிக்காத மனிதர். "இளவரசின்னு யாரும் கிடையாது சார். நான் கட்டின கதை" என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "எனக்குத் தெரியும். நீங்களா வந்து சொல்றீங்களே, அதுதான் ஆச்சரியம்" என்றார். ஏன் கட்டினீர்கள் என்று கேட்பார் என்று எதிர்பார்த்தேன். கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

இப்போது அங்கே ஒரு பலகை வைத்திருக்கிறார்கள். "விளக்கெண்ணெய்க் கிடங்கு. இவ்வறையைப் பற்றி வழங்கும் கதைகளுக்கு ஆதாரம் இல்லை." எல்லா கைடுகளுக்கும் தாக்கீது போயிற்று. எனக்கு மட்டும் கூடுதல் மரியாதை, இந்தச் சீசன் முழுக்க அந்த அரண்மனைக்குள் கூட்டம் கூட்டிப்போகக் கூடாது. மூன்றாவது நகரத்தில் என் கூட்டத்தை வாசலில் இன்னொருவரிடம் ஒப்படைத்துவிட்டு பஸ்ஸில் உட்கார்ந்திருக்கிறேன். டிரைவர் அண்ணன் என்னிடம் பேசக் கூச்சப்படுகிறார். இஞ்சினைத் துடைத்துக்கொண்டே இருக்கிறார், அது பளபளவென்று இருக்கிறது. ஷூ விற்ற கடைக்காரர் ஒரு சாவிக்கொத்து வாங்கினால் ஒன்று இலவசம் என்று எழுதிப்போட்டுவிட்டார்.

ஒன்று சொல்ல வேண்டும். போன வாரம் ஒரு வயதான அம்மாள் வாசலில் என்னை அடையாளம் கண்டுகொண்டார். போன சீசனில் என் கூட்டத்தில் வந்தவர். அந்த ஜன்னலைக் காட்டுவதற்காகவே தங்கையைக் கூட்டிக்கொண்டு மறுபடி வந்திருக்கிறார். உள்ளே பலகையைப் படித்துவிட்டு வெளியே வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். "அப்போ அந்தக் கொழந்த இல்லவே இல்லையாப்பா?"

"இல்லம்மா" என்றேன்.

அவள் போனபோதுகூட நான் அப்படிச் சொன்னதில்லை. போய்விட்டாள் என்றுதான் சொன்னேன். இல்லவே இல்லை என்று அன்றைக்குத்தான் சொன்னேன். நீ கேட்டதைச் செய்தேன், செய்தது சரிதான். ஆனால் அந்த அம்மாள் கையை விட்டதும் பஸ்ஸுக்குப் போய்க் கடைசிச் சீட்டில் உட்கார்ந்துவிட்டேன்.

இனி எழுதவும் எனக்கு ஒன்றும் இல்லை. நீ போனை எடுக்க வேண்டாம். சீசன் முடிந்து வீட்டுக்கு வரலாமா, வேண்டாமா என்று மட்டும் ஒரு வரி எழுது. வேண்டாம் என்றால் இங்கேயே ஒரு அறை பார்த்துக்கொள்கிறேன்.

உன் வீட்டுக்காரன்


பிப்ரவரி 3

உங்களுக்கு,

உடனே பதில் எழுதாததற்குக் காரணம், நான் வீட்டில் இல்லை. முதலாளியிடம் விடுப்புக் கேட்டுக்கொண்டு ராஜ நகரங்கள் சுற்றுலா போய்விட்டு வந்தேன். மஞ்சள் தொப்பிக் கம்பெனியில். உங்கள் பஸ்ஸில் ஏறினால் நீங்கள் மைக்கைக் கீழே போட்டுவிடுவீர்கள் என்று தெரியும்.

கல்யாணமாகி இத்தனை வருஷம், நீங்கள் பிழைக்கும் இடத்தை இப்போதுதான் பார்த்தேன். தொப்பி தலையில் நிற்கவே மாட்டேன் என்கிறது. காலையில் வாங்க வாங்க என்கிறார்கள், சாயங்காலம் ஏறுங்க ஏறுங்க என்கிறார்கள். முதல் நகரத்தில் கண்ணாடி அறை நன்றாக இருந்தது. இரண்டாவது நகரத்தில் ஒரு ராணியின் குளியல் குளத்தைக் காட்டி அரைமணி நேரம் பேசினான் அந்தக் கைடுப் பையன். மூன்றாவது நகரத்துக்கு வந்தபோது என் கால் கெஞ்சியது. நீங்கள் சொன்னது சரி, அப்போது எந்த வருஷமும் மண்டையில் ஏறவில்லை.

அந்த வழியாக வந்தோம். "இது எண்ணெய் வைக்கற ரூம்ங்க, ஒண்ணுமில்ல, தலை இடிக்காம வாங்க" என்று அவன் நிற்காமல் போய்க்கொண்டே இருந்தான். பஸ்ஸில் என் பக்கத்துச் சீட்டில் உட்கார்ந்திருந்த பெண், "ஏங்க, இளவரசி கதைன்னு ஒண்ணு சொல்வாங்களே" என்று கேட்டாள். "அது சும்மா ஒருத்தர் அடிச்சுவிட்டது" என்றான். எல்லாரும் சிரித்துக்கொண்டே நகர்ந்தார்கள்.

நான் நகரவில்லை. உள்ளே போனேன். இன்னும் எண்ணெய் வாசனை இருக்கிறது, அல்லது எனக்குத்தான் அப்படித் தோன்றியதோ. ஜன்னலின் முன்னால் முட்டிபோட்டேன். தாடையை வைத்துப் பார்த்தேன். பெரிய வாசலிலிருந்து வரும் சாலை முழுக்கத் தெரிகிறது. நீங்கள் ஏன் அந்த இடத்தில் வாயைத் திறந்தீர்கள் என்று எனக்குப் புரிந்தது. நானாக இருந்தாலும் திறந்திருப்பேன். இத்தனை நாளும் உங்கள்மேல் வைத்திருந்த கோபம் அங்கே எங்கே போயிற்று என்று தெரியவில்லை. அழுகைதான் வந்தது. கத்தி அழுதேன். அங்கே திறப்பதற்குக் குழாய் இல்லை.

பக்கத்துச் சீட்டுப் பெண் தேடிக்கொண்டு வந்துவிட்டாள். எழுப்பி, துப்பட்டாவால் முகத்தைத் துடைத்து, பஸ்ஸில் கொண்டுபோய் உட்காரவைத்தாள். விடுதிக்குப் போகிறவரைக்கும் அவளிடம் சொன்னேன். கதையாகச் சொல்லவில்லை, நடந்ததைச் சொன்னேன். தூங்கினேன் என்பதையும் சொன்னேன். இந்த முறை "உச்" கேட்கும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தேன். அவளோ, "மூணு ராத்திரியா முழிச்சிருந்தீங்க? தனியாவா?" என்றாள்.

ஆமாம், தனியாகத்தான். இதை உங்களைக் குத்துவதற்காக எழுதவில்லை. ஆனால் எழுதாமலும் விடமாட்டேன். நான் தூங்கினேன், நீங்கள் வரவில்லை. இரண்டும் நடந்ததுதான். ஒன்றை மறைக்க இன்னொன்றைப் பேசாமல் இருந்தோம், அவள் நடுவில் காணாமல் போய்விட்டாள்.

ஊருக்கு வந்ததும் எதிர் வீட்டு அக்காவிடமும் சொல்லிவிட்டேன். பாவம், வாயில் கைவைத்துக்கொண்டு நின்றார். அந்தச் சாவிக்கொத்தைத் திருப்பிக் கேட்டார். தரமாட்டேன் என்றேன். நம் வீட்டுச் சாவி இப்போது அதில்தான் இருக்கிறது.

இன்னொன்று சொல்ல வேண்டும். உங்கள் கதையில் ஒரு தப்பு இருக்கிறது. இரண்டு ஷூவும் சண்டை போட்டுக்கொண்டதால் ஒன்றின் முகத்தை ஒன்று பார்க்காமல் இருக்க மாற்றிப் போட்டாள் என்று நீங்கள் சொல்வீர்களாம், அக்காவின் கைடும் அதையே சொன்னானாம். அது அவள் உங்களிடம் சொன்ன சாக்கு. நீங்கள் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பும் நாளில் மட்டும்தான் மாற்றிப் போடுவாள். அதைப் பார்த்ததும் நீங்கள் பையைக் கீழே வைத்துவிட்டு, குனிந்து உட்கார்ந்து, கழற்றி, சரியாகப் போட்டுவிட்டுத்தானே போவீர்கள்? அந்தக் கொஞ்ச நேரத்துக்காகத்தான். நீங்கள் தெருமுனை திரும்பியதும் என்னிடம் வந்து, "அப்பாவை நிறுத்திட்டேன் பாத்தியா?" என்பாள். நீங்கள் ஊரில் இல்லாத நாளில் அவள் ஒருநாளும் ஷூவை மாற்றிப் போட்டதில்லை. உங்களிடம் சொல்லக் கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கியிருந்தாள். இத்தனை நாள் காப்பாற்றினேன். போதும்.

வேறு அறை பார்க்க வேண்டாம். சீசன் முடிகிறவரைக்கும்கூட இருக்க வேண்டாம். வீட்டுக்கு வந்து, முதலிலிருந்து சொல்லுங்கள். தப்பு இருந்தால் நான் திருத்துகிறேன். குழாயைத் திறக்க மாட்டேன்.

கடுகின் அம்மா